தட்டில் விழும் முட்டை

கேள்வி: பையனுக்கு முட்டை அலர்ஜி. சத்துணவில் தினமும் முட்டையாமே, என்ன செய்வான்?
(வாசகி, ஆவடி)

பதில்: அவனுக்கு ஆகாத முட்டை இரண்டு. ஒன்று தட்டில், இன்னொன்று மார்க் ஷீட்டில்!

தட்டுக்கு அரசே வழி வைத்திருக்கிறது. 2010 முதல் வாரத்துக்கு 5 முட்டை, சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். சத்துணவு அமைப்பாளரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். மார்க் ஷீட்டுக்கு அவன்தான் படிக்க வேண்டும்.

வம்பெல்லாம் பர்த்டே பார்ட்டியில்தான். கேக்கிலும் மயோனைஸிலும் முட்டை தன் உருவத்தில் இருக்காது. பச்சை முட்டை மயோனைஸுக்குத் தமிழ்நாடு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை போட்டதுகூட அலர்ஜிக்காக அல்ல, கிருமிக்குப் பயந்துதான்.

பாக்கெட் உணவில் முட்டை, பால், வேர்க்கடலை இருந்தால் அச்சிட வேண்டும் என்பது சட்டம். அம்பத்தூர் ஓ.டி. பேக்கரியின் கண்ணாடிப் பெட்டிக்கு லேபிள் ஏது? கேட்டுத்தான் வாங்க வேண்டும். "கொஞ்சூண்டுதாம்மா போட்டிருக்கு" என்றால் நடையைக் கட்டுங்கள்.