எடைமேடை ஒன்று, எழுத்தர் இருவர்: பன்னகல் இயக்கம் குறித்து ஓர் ஆய்வு

கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் உருக்காலைகளைப் பற்றிப் பேசுவோர் உண்டு. புகையைப் பற்றிப் பேசாதோர் இல்லை. அங்குள்ள லாரி எடைமேடைக் கணினி, ஒரு லாரி இறங்கி மறு லாரி ஏறும் வரை என்ன செய்கிறது என்பதை மட்டும் அறிஞர் உலகம் தொடவே இல்லை. எடைச்சீட்டு அடித்துக்கொண்டிருந்த காலத்தில் அக்குறையை நீக்க முற்பட்டேன்.

பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகம் 1999 மே 17 அன்று ‘செட்டி அட் ஹோம்’ என்ற செயலியை வெளியிட்டது. அரெசிபோ தொலைநோக்கி பிடித்த வானொலி இரைச்சலை 107 விநாடித் துண்டுகளாக நறுக்கி, உலகெங்கும் சும்மா கிடக்கும் கணினிகளுக்கு அனுப்பினார்கள். வேற்றுலகத்தார் குரல் அதில் உண்டா என்று கணினி சலித்துப் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது.

கருதுகோள்: கணினியில் ஓடும் செயலியின் ஒரு நகலுக்கு ஒரு துண்டு எனில், இரு நகலுக்கு இரண்டு, அதிகத் துண்டு சலித்தோர் தரவரிசையில் நம் பெயர் ஏறும். இதை முன்மொழிந்தவன் நானே என்பதால் மேற்கோள் காட்டவில்லை.

சோதனைக்கு ஒரு பென்டியம் 3. நகலுக்கு நகல் தனி ஃபோல்டர் வைத்தேன். ஒரே பேரேட்டில் இருவர் எழுதினால் கணக்கு என்னாகும் என்று ஆலைக்காரனுக்குத் தெரியாதா? இரண்டும் ஓடின. ஆனால் ஒவ்வொரு துண்டுக்கும் இருமடங்கு நேரம் பிடித்தது. மேடை ஒன்றாக இருக்க, எழுத்தர் இருவரை உட்காரவைத்தால் லாரி விரைந்தா ஏறும்?

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். 2002இல் வந்த 3.06 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4, ஹைப்பர் த்ரெடிங் என்னும் வித்தையால் ஒரே பிராசஸரை விண்டோஸுக்கு இரண்டாகக் காட்டியதே? உண்மை. ஒரு டிரைவர் பில்லைத் தேடித் தடவும் நேரத்தில் அடுத்த வண்டியை மேடையேற்றும் சாமர்த்தியம் அது. மொத்த வேலை ஓரளவு கூடும், இரட்டிக்காது. ஒவ்வொரு வண்டியும் தனித்தனியே தாமதப்படும். நிஜமாகவே இரண்டு பிராசஸர் உள்ள கணினிக்கு இரு நகல் தகும். அதற்கும் விதி இருந்தது: இதே வகையைச் சேர்ந்த ‘ஃபோல்டிங் அட் ஹோம்’ செயலியில் அந்நாளில் நகல்தோறும் வேறு இயந்திர எண் தர வேண்டியிருந்தது. ஒரே டோக்கனில் இரண்டு லாரி நுழைய முடியாது.

பின்னாளில் போய்ங்க் என்ற மென்பொருள் பிராசஸர்களைத் தானே எண்ணி வேலை பகிரத் தொடங்கியதும் இத்துறை வல்லுநர்கள் பிழைப்பிழந்தோம். 2020 மார்ச் 31 அன்று செட்டி புதிய துண்டுகள் அனுப்புவதை நிறுத்தியது. அதே ஆண்டு டிசம்பரில் அரெசிபோவும் இடிந்து விழுந்தது.

என் சோதனை அதற்கு வெகு முன்பே முடிந்தது. லாரியே வராத ஒரு ஞாயிற்றுக்கிழமை, விசிறி ஏன் இப்படி இரைகிறது என்று மேனேஜர் கேட்டார். வேற்றுலகத்தாரைத் தேடுகிறது என்றேன்.

“வந்தா, வெறும் வண்டி எடை, லோடு எடை, ரெண்டுக்கும் காசு வாங்கிடு” என்றார்.

இரண்டாம் நகலை அன்றே நீக்கினேன்.