அபூர்வ நோயும் அரசாங்க நிதியும்

கேள்வி: லட்சத்தில் ஒருவருக்கு வரும் வியாதியை ஆராய்வதற்குச் சர்க்கார் பணம் ஒதுக்கத்தான் வேண்டுமா? முதலில் ஊரார் எல்லோருக்கும் வரும் காய்ச்சலைக் கவனித்தால் ஆகாதா?
— வாசகர், திருவையாறு

பதில்: மேட்டூரில் திறந்த தண்ணீர் தலைமடையில் நிரம்பினால் போதும், கடைமடைக்காரர் சொற்பப் பேர்தானே என்று வேதாரண்யம் பக்கம் போய்ச் சொல்லிவிட்டுத் தாங்கள் சௌக்கியமாக ஊர் திரும்ப முடியுமா?

தண்டுவடத் தசைச் சிதைவு என்னும் பரம்பரை வியாதி கண்ட குழந்தை, கழுத்து நிற்க வேண்டிய பருவத்தில் நில்லாமல், தாயின் தோளில் துவண்டு கிடக்கிறது. அதற்குரிய மரபணு சிகிச்சையின் ஒற்றை ஊசி சுமார் 16 கோடி ரூபாய். 2021-ஆம் ஆண்டின் தேசிய அபூர்வ நோய்க் கொள்கையோ, வரம்பை உயர்த்திய பிறகும், நோயாளி ஒருவருக்கு 50 லட்ச ரூபாய் வரைதான் உதவுகிறது. இந்தப் பள்ளத்தை உண்டியல் குலுக்கித் தூர்க்க இயலாது. மருந்து நம் ஆய்வுக்கூடங்களிலேயே பிறந்தால்தான் விலை இறங்கும். அத்தை மகளையும் அக்காள் மகளையும் மணக்கும் வழக்கமுள்ள நம் சீமையில், இத்தகைய சில வியாதிகளுக்கு வாய்ப்பும் அதிகம்.

இன்னொன்று: பிறவியிலேயே இரத்தக் கொழுப்பு மிகுந்த அபூர்வக் குழந்தைகளை ஆராய்ந்துதான் பிரௌனும் கோல்ட்ஸ்டீனும் 1985-இல் நோபல் பரிசு பெற்றார்கள், இன்று கோடிக்கணக்கானோர் விழுங்கும் கொழுப்பு மாத்திரை உடலில் எவ்விதம் வேலை செய்கிறது என்பதும் அந்த ஆராய்ச்சியால்தான் துலங்கிற்று.

ஆகவே, பட்ஜெட்டுக்கு முன்பே, இந்த ஆராய்ச்சி நிதியில் கை வைக்கலாகாது என்று தஞ்சைத் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஓர் அஞ்சலட்டை எழுதிப் போடுங்கள்.