வாசலில் ஒரு புயல்

கேள்வி: சித்திரை முதல் நாளுக்காக விடியற்காலையில் எழுந்து வாசலடைத்துக் கோலம் போட்டேன். இரண்டு வயது மகள் அதன்மேல் உட்கார்ந்து நகர்ந்தே அழித்துவிட்டாள். மறுபடி போடுவதா, விட்டுவிடுவதா?
– ஒரு வாசகி, காடாம்புலியூர்

பதில்: அழிந்துவிட்டது என்று யார் சொன்னது? பாவாடையின் பின்பக்கத்தைப் பாருங்கள், பாதிக்கோலம் பத்திரமாக இருக்கும்!

தாராளமாக மறுபடி போடுங்கள். 2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல் உங்கள் பக்கத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்துவிட்டுப் போனது. மாமனாரைக் கேட்டுப் பாருங்கள், ஒரு பொழுது போதாது அவருக்கு. அந்த மண்ணில்தான் திரும்பவும் கன்று வைத்தார்கள். ஒட்டு முந்திரி என்றால் மூன்றாம் ஆண்டே காய்ப்புக்கு வரும். விதை போட்டு வளர்த்த பலாவுக்கு ஏழெட்டு வருஷம் தவம் கிடக்க வேண்டும். உங்களுக்கு வேண்டியது கால் மணி நேரமும் ஒரு கிண்ணம் மாவும்.

ஆனால் கல்மாவு வேண்டாம், பச்சரிசி மாவாகவே இருக்கட்டும். எறும்புக்கு முன்னால் அவள்தான் ருசி பார்ப்பாள். இது முந்திரிக்கொட்டை பொறுக்கும் காலம் வேறு. பழச்சாறு பட்டால் சட்டையோடு போகும்; பச்சைக் கொட்டையின் தோட்டுப்பால் பட்டால் தோலே வெந்துவிடும். கொட்டைக் கூடையை மட்டும் அவளுக்கு எட்டாமல் வையுங்கள்.

கேள்வி: மாவிலைத் தோரணத்தை எவ்வளவு உயரத்தில் கட்டினால் அவளுக்கு எட்டாது?

பதில்: நிலைவாசல் உயரமே போதும், அவள் அப்பா வீட்டில் இல்லாதவரை. தோளில் தூக்கிக்கொண்டு “பறிடா தங்கம்” என்பவர் அவர்தானே!