மூடு வரலையாம் பேராண்டிக்கு

எழுத்தாளராகப் போறியா பேராண்டி? நல்ல காரியம், செய். ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்கிடாதே. எழுத்தாளராகணும்னு ஆசையா, இல்ல எதையாவது எழுதணும்னு ஆசையா? ரெண்டும் ஒண்ணுன்னு நெனைச்சுக்கிட்டு இருக்கே. இல்ல ராசா. மொத ஆசைக்கு ஒரு ஜிப்பாவும் ஜோல்னாப் பையும் போதும்.

ஒன் மேசையைப் பார்த்தேன். அடேயப்பா! தோல் அட்டை போட்ட நோட்டு. மொதப் பக்கத்துல ஒன் பேரு. ரெண்டாம் பக்கத்துல இருந்து வெள்ளை. தட்டுனா டக்கு டக்குன்னு சத்தம் வார கீபோர்டு. மல்லிகை வாசத்துல ஒரு மெழுகுவத்தி. கரண்டு போனா ஏத்தன்னு நெனைச்சேன். இல்லையாம், மனசு குவியுறதுக்காம். காதுல மழைச் சத்தம் கேக்க ஒரு ஆப்பு வேற. ஏலே, அன்னைக்கு வெளியே நெசமாவே தூறிக்கிட்டு இருந்துச்சே? சன்னலைச் சாத்திட்டு செல்போன் மழையைக் கேட்டுக்கிட்டு இருக்கே! நெட்டுக்கு மாசாமாசம் பணம் கட்டுதே. அந்த நெட்டு உள்ளே வந்துராம அடைக்கிறதுக்கு இன்னொரு ஆப்புக்கும் பணம் கட்டுதே. ரெண்டு பேருக்கும் படியளக்கிறது யாரு? ஒங்கப்பன்.

அப்புறம் அந்தத் தக்காளி. பிரான்செஸ்கோ சிரில்லோன்னு ஒரு இத்தாலிக்காரர். 1980கள் கடைசியில காலேஜ் பாடம் மண்டையில ஏறலைன்னு, அடுப்பங்கரையில வைக்கிற தக்காளி வடிவக் கடிகாரத்தை முறுக்கி வச்சுப் படிச்சாராம். 25 நிமிசம் வேலை, 5 நிமிசம் ஓய்வு. நல்ல வழிதான், குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா அவரு கடிகாரத்தை முறுக்குனாரு, படிச்சாரு. நீ எந்தத் தக்காளி ஆப்பு ஒசத்தின்னு வீடியோ பார்த்தே. அதுலயே மூணு தக்காளி அழுகிப் போச்சு.

சரி, இவ்வளவு சாமானும் வாங்கி வச்சாச்சு. எழுதுனியா? "மூடு வரலை தாத்தா"ங்கே. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். கூடத்தையே இடிச்சுப் புதுசாக் கட்டிட்டு ஒக்காந்திருக்கியே நீ!

எனக்கு என்ன தெரியும்னு கேப்பே. நான் தபால் தூக்குன ஆளு. காலையில காடு, மத்தியானம் பை. ஈ.டி. போஸ்ட்மேன்னு பேரு, அரைநாள் உத்தியோகம். எழுதுதவுகளை எனக்குப் புஸ்தகத்தால தெரியாது, கவரால தெரியும். அப்பல்லாம் பத்திரிகைக்குக் கதை அனுப்புதவுக, தன் விலாசம் எழுதி ஸ்டாம்பு ஒட்டுன கவரு ஒண்ணையும் கூடவே வைக்கணும். கதை வேண்டாம்னா அதுல போட்டுத் திருப்பிருவாக. அதனால, தடிக் கவரு வந்தா கதை திரும்பிருச்சு. கார்டு வந்தா தேறிருச்சு. மணியார்டர் வந்தா எனக்கும் ஒரு காப்பி உண்டு. பிரிக்காமலே எனக்கு எல்லாம் தெரிஞ்சுபோகும். சைக்கிளை விட்டு எறங்கும்போதே அவுக மூஞ்சியும் என் கையைத்தான் பாக்கும்.

தடிக் கவரு வாங்குனதுல ரெண்டு ரகம் உண்டு. ஒருத்தர் ஆசிரியரைத் திட்டி, ஊரைத் திட்டி, பொண்டாட்டியை அதட்டிட்டு, திண்ணையில துண்டை விரிச்சுப் படுத்துருவாரு. ஒரு மாசத்துக்குக் கலைக்கு லீவு. இன்னொருத்தர் பள்ளிக்கூடத்து வாத்தியார். கவரைக் கிழிப்பாரு, கட்டைப் புரட்டிப் பார்ப்பாரு. மேல்தாள் மட்டும் கசங்கியிருக்கும். அதை மட்டும் புதுசா எழுதுவாரு. வேற பத்திரிகை விலாசம், வேற கவரு. நான் அடுத்த தெருவுக்குப் போய்த் திரும்புறதுக்குள்ள கையில குடுத்துருவாரு. "இன்னைக்குக் கட்டுலயே போட்டுருங்க அண்ணாச்சி." அம்புட்டுத்தான். எந்த வீட்டுல எனக்குக் காப்பி கெடைச்சுதுன்னு நான் வேற சொல்லணுமாக்கும்?

எங்க தபால் சாதியிலேயே பெரிய எழுத்தாளர் ஒருத்தர் உண்டு தெரியுமா? ஆண்டனி டிரோலப். இங்கிலாந்துக்காரர். 1815ல பொறந்து 1882ல போய்ச் சேர்ந்தாரு. பிரிட்டிஷ் தீவுகள்ல தெருவோரத் தபால் பெட்டி மொதமொதல்ல 1852ல ஜெர்சித் தீவுல நின்னது இவரு யோசனையிலதான். பல வருசம் தபால் உத்தியோகமும் பார்த்துக்கிட்டு, குதிரையேறி வேட்டைக்கும் போய்க்கிட்டு, மொத்தம் 47 நாவல் எழுதுனாரு. எப்படி? விடியக்காலம் அஞ்சரைக்கு மேசைக்கு வந்துருவாரு. எழுப்பிவிட்டுக் காப்பி குடுக்க ஒரு கெழட்டு வேலையாளு. அந்த வேலைக்குன்னே தனியா வருசத்துக்கு 5 பவுண்டு. ஒன் தக்காளி ஆப்பை விட அந்தக் கெழவரு நல்லா வேலை பார்த்திருக்காரு, பாரு. கடிகாரத்தை முன்னால வச்சுக்கிட்டு, கால் மணி நேரத்துக்கு 250 வார்த்தை. ரயில்ல போனா மடியில வச்சு எழுதுவாரு. ஒரு நாவல் முடிஞ்சுதுன்னா மறுநாளே அடுத்ததைத் தொடங்குன மனுசன். ஊட்டிக்குப் போய் மனசை ஆத்திட்டு வாரேன்னு கெளம்பல.

இதுக்குப் பொறவு நடந்ததுதான் வேடிக்கை. இதையெல்லாம் ஒளிவுமறைவு இல்லாமச் சுயசரிதையில எழுதி வச்சுட்டுச் செத்தாரு. 1883ல அது புஸ்தகமா வந்துச்சு. படிச்ச பெரிய மனுசங்க மூஞ்சியைச் சுளிச்சாக. நேத்து வரைக்கும் ரசிச்சுப் படிச்ச கதை, இன்னைக்கு 'சீ, மணி பார்த்து எழுதுனதா?' அந்தாளு பேரே கொஞ்ச காலம் எறங்கிப் போச்சு. கதையில ஒரு எழுத்தாவது மாறுச்சா? இல்லையே! எழுதுறவனுக்கு அருள் வந்திருக்கணும், தலைவிரிச்சு ஆடியிருக்கணும்னு சனத்துக்கு ஒரு ஆசை. படிக்கிறவுக நம்பிட்டுப் போகட்டும், அவுக காசு குடுத்துப் புஸ்தகம் வாங்குதாக. எழுதுற நீயே அதை நம்பலாமா? பந்தலுக்குப் பின்னால நின்னு கொட்டடிக்கிறவனுக்குமா சாமி மேல சந்தேகம் இல்லாம இருக்கும்?

அவ்வளவு தூரம் என்னத்துக்கு? கோவில்பட்டிக்குப் பக்கத்துல இடைசெவல். 1923ல அந்த ஒரே ஊருல ரெண்டு பிள்ளைக பொறந்தாக. கு. அழகிரிசாமி, கி. ராஜநாராயணன். சேக்காளிக. ரெண்டு பேருக்கும் சாகித்ய அகாதமி விருது. அழகிரிசாமிக்கு 1970ல, அவரு கண்ணை மூடுன பொறவு, கி.ரா.வுக்கு 1991ல. ஒன்னைய மாதிரிப் பயக அங்ஙன போய் ஊருணித் தண்ணியில என்ன மாயம் இருக்குன்னு எட்டிப் பார்ப்பாக. அதே தண்ணியைக் குடிச்ச மத்தவுக என்ன ஆனாக? வெவசாயம் பார்த்தாக. நல்லாத்தான் பார்த்தாக.

அழகிரிசாமி பத்திர ஆபீசுல எழுத்தர் வேலை பார்த்தவரு. கி.ரா. சம்சாரி. 'மாயமான்' கதை 'சரஸ்வதி' பத்திரிகையில வரும்போது வருசம் 1958. ஆளுக்கு முப்பத்தஞ்சு வயசு. 'மிச்சக் கதைகள்' 2021ல வந்துச்சு. அதே வருசம் மே மாசம் போய்ச் சேர்ந்தாரு, 97 வயசுல. கதை மட்டுமா? ஊருல ஒரு சொலவடையை, ஒரு வசவைக்கூட விட்டுவைக்கல. 1982ல கரிசல் வட்டாரச் சொல்லுக்கு அகராதியே போட்டாரு. கதை எழுதாத பொழுதும் எழுத்து வேலை கெடக்கும்லா? நீ இருவத்திநாலு வயசுல, "எல்லாம் வத்திப் போச்சு தாத்தா"ங்கே. ஊறுனாத்தானலே வத்தும்?

எங்க காட்டுல எப்ப விதைப்போம்னு தெரியுமா ஒனக்கு? மழை பெஞ்ச பொறவுன்னு சொல்லுவே. பட்டணத்துப் புள்ள, சொல்லத்தான் செய்வே. கரிசல்ல புரட்டாசியிலேயே, காஞ்ச புழுதியிலேயே விதைச்சுருவோம். புழுதி விதைப்புன்னு பேரு. கம்பு, சோளம், பருத்தி. வானத்துல பொட்டு மேகம் இருக்காது. பாக்குறவனுக்குப் பைத்தியக்காரன் வேலையாத்தான் தெரியும். சங்கதி என்னன்னா, மழை பெஞ்சுட்டாக் கரிசல்ல கால் வைக்க முடியாது. களி. கால்ல அப்பும், கலப்பையில அப்பும், மாடு நகராது. அது காஞ்சு பதத்துக்கு வாரதுக்குள்ள நாள் ஓடிப்போகும், கடைசியில கதிருக்கு ஈரம் பத்தாது. மழைக்கு முந்தியே விதை உள்ளே கெடந்தாத்தான் மொத மழையில மொளைக்கும். சில வருசம் வானம் ரெண்டு தூத்தலைப் போட்டு ஏமாத்திரும். மொளைச்சது கருகும். மறுபடி விதைப்போம். என்ன இப்ப?

நீ மூடுங்கியே, இன்ஸ்பிரேசன்ங்கியே, அது இந்த மழைதான். அது இல்லைன்னு நான் சொல்லல. வரும். வாரப்போ உள்ளே என்ன கெடக்கு? அரைகுறையா நாலு பக்கம், காதுல விழுந்த ஒரு சண்டை, முடிவு தெரியாத ஒரு கதை, ஏதாவது கெடக்கணும்லா? போன மாசம் ஒனக்கு மழை வந்துச்சே, ராத்திரி முழுக்கத் தூக்கமில்லாம நடந்தே. என்ன செய்தே? 'செம இன்ஸ்பிரேசன்'னு ஸ்டேட்டஸ் போட்டே. நாப்பது பேரு இதயம் போட்டாக. கதை எங்கே?

இப்போ கொடைக்கானலுக்குப் போகணும்ங்கே. எழுத்து முகாமாம், சன்னலைத் தொறந்தா மேகமாம். ராஜம் கிருஷ்ணன் அம்மா எங்க போனாக தெரியுமா? தூத்துக்குடி உப்பளத்துக்கு. அந்த வெயில்ல, உப்பு வாருத சனங்களைப் பார்த்துப் பேசிட்டு வந்து எழுதுனதுதான் 'கரிப்பு மணிகள்' நாவல், 1979. ஒனக்கு மேகம், அவுகளுக்கு உப்பு. மேகத்தைப் பத்தி நீ என்னத்த எழுதப் போறே, வெள்ளையா இருக்குன்னா?

இன்னொரு கூட்டம் இருக்கு. பட்டினி கெடந்தாத்தான் எழுத்து வரும்னு புதுமைப்பித்தனைக் காட்டும். அவரு 1948ல காச நோயில போனாரு, 42 வயசுல. கஷ்டமா ஒக்காந்து எழுதுச்சு? அவருல்லா எழுதுனாரு! நல்ல சோறும் மருந்தும் கெடைச்சிருந்தா இன்னும் எழுதியிருப்பாரு. அதனால வேளைக்குச் சாப்பிடு. ராத்திரி ஒறங்கு. மனசு நெசமாவே நொந்து கெடந்தா டாக்டரைப் போய்ப் பாரு. அதுல நான் வெளையாட மாட்டேன். நான் கேலி செய்யுதது சோர்வை இல்ல, சோர்வுக்கு நீ தச்சுப் போடுத பட்டுச் சட்டையை.

கல்கி 'பொன்னியின் செல்வ'னை 1950ல ஆரம்பிச்சு வருசக்கணக்கா வாராவாரம் எழுதுனாரு. வந்தியத்தேவன் குதிரைக்கு இந்த வாரம் மூடு சரியில்லைன்னு போட்டு, பக்கத்தை வெள்ளையா விட்டிருந்தா சனம் சும்மா விட்டிருக்குமா? ஒனக்குக் கேக்க ஆளில்ல, அதான் கொழுப்பு. ஒரு ஆளைப் பிடி. சனிக்கெழமை சாயங்காலம் வந்து, "ரெண்டு பக்கம் எங்கடா?"ன்னு கேக்குற ஆளு. நல்லாருக்குன்னு சொல்லுத ஆளு வேண்டாம், ஒங்கம்மா போதும் அதுக்கு.

சரி, வெட்டிப்பேச்சு எதுக்கு? ஒரு வேலை இருக்கு. நம்ம கண்மாய் மடை அடைஞ்சு கெடக்கு. ஐப்பசி மழைக்குள்ள தூர் எடுக்கணும்னு கலெக்டருக்கு ஒரு மனு எழுதணும். பத்து வரிக்கு மேல போகப்படாது. மடை எங்க இருக்கு, எத்தனை வருசமா அடைஞ்சிருக்கு, எத்தனை குடும்பம், என்ன வேணும். படிச்சதும் அந்த ஆபீசருக்கு எந்திரிச்சு வந்து பாக்கணும்னு தோணணும். மெழுகுவத்தி வேணும்னா ஏத்திக்கோ. சாயங்காலம் அஞ்சு மணிக்கு வாரேன். மூடு வரலைன்னா முன்கூட்டியே சொல்லிரு. எதுத்த வீட்டுல ஒம்பதாப்புப் படிக்கிற புள்ள இருக்கு, அதுகிட்ட எழுதி வாங்கிக்கிடுதேன்.