ஆறு இழைக்கு இவ்வளவு அலட்டலா?

பிள்ளையார்பாளையத்தில் உட்கார்ந்து எலெக்ட்ரிக் கிடார் செய்தால் ஒருவரும் அசரமாட்டார்கள். "எத்தனை இழை?" என்றார் பெரியப்பா. ஆறு என்றேன். அவர் தறியில் பாவு மட்டுமே ஆயிரக்கணக்கான இழை. ஒன்று அறுந்தாலும் குழிக்குள் இருந்தபடியே விரல் நுனியால் தேடிப் பிணைத்துவிடுவார். "ஆறுக்கா இந்த அலட்டல்?" என்று வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு போய்விட்டார்.

கடையில் வாங்கியிருக்கலாம்தான். ஆனால் குயின் குழுவின் பிரையன் மே 1963இல் தொடங்கி, தன் அப்பாவோடு சேர்ந்து, பழைய கணப்படுப்பின் மரச்சட்டத்தில் கழுத்தும் பழைய மோட்டார் சைக்கிள் ஸ்பிரிங்கும் வைத்து ஒரு கிடார் செய்து, உலகமெல்லாம் அதையே வாசித்தார் என்று படித்துத் தொலைத்தேன். காஞ்சிபுரத்தில் கணப்படுப்புக்கு எங்கே போவது? சித்திரையில் வீடே கணப்பு. பரணில் தாத்தா காலத்துப் படமரம் கிடந்தது. பிள்ளைகள் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் என்று கம்பெனிக்குப் போனபின் பிரித்துப்போட்ட தறியினுடையது.

லெஸ் பால் என்ற அமெரிக்கர் 1940 வாக்கில் இப்படித்தான், நாலங்குலச் சதுரப் பைன் கட்டையில் கம்பி பூட்டி வாசித்தார். சத்தம் நன்றாக இருந்தது, சபைதான் முகம் சுளித்தது. ஒரு சாதா கிடாரை இரண்டாக அறுத்துக் கட்டையின் இருபுறமும் ஒட்டினார். அதே சத்தத்துக்கு இப்போது கைதட்டல்! முந்தானையைப் பார்த்தே விலை சொல்லும் ஊரில் பிறந்தவனுக்கு இதில் ஆச்சரியமில்லை. நானும் படமரத்துக்கு இருபுறமும் பலாப்பலகை ஒட்டுவதென்று முடிவு செய்தேன். தஞ்சாவூர் வீணைக்கு ஆகிவந்த மரம். எத்தனை நாள் காய வேண்டும் என்று ஆசாரியைக் கேட்டேன். "அத்திமரத்து வரதரே நாற்பது வருஷம் அனந்தசரஸ்ல இருந்துட்டு 2019லதான் எழுந்து வந்தாரு. உன் பலாக்கட்டைக்கு இன்னா அவசரம்?"

மெட்டு வைப்பதுதான் உயிரை வாங்கும் வேலை. வீணையில் மெட்டு மெழுகில் உட்கார்ந்திருக்கும். சுருதி பார்த்து நகர்த்தலாம். கிடாரில் ரம்பம் போட்ட இடம் போட்டதுதான். இருபத்தைந்தரை அங்குலக் கம்பி நீளத்தை 17.817ஆல் வகுத்தால் முதல் மெட்டு; மிச்சத்தை மறுபடி 17.817ஆல் வகுத்தால் இரண்டாவது. இப்படியே போனால் பன்னிரண்டாவது மெட்டு சரியாகப் பாதியில் வந்து நிற்கும். ஜக்கார்டுக்கு கிராஃப் வரையும் சித்தப்பா கோடு போட்டுக் கொடுத்தார். போட்டுவிட்டு, "கட்டம் போகப்போக சின்னதாகுதே, இதைப் போய் டிசைன்னு எவன் ஒத்துக்கிட்டான்?" என்றார்.

வர்ணத்துக்கு வீடே கூடியது. கிப்சன் கம்பெனி 1958 முதல் 1960 வரை செய்த, நடுவில் மஞ்சளாகவும் ஓரத்தில் கருஞ்சிவப்பாகவும் கரையும் 'சன்பர்ஸ்ட்' கிடாரின் படத்தைக் காட்டினேன். இன்று கோடி ரூபாய்க்கு மேல் போகிறது என்றும் சொன்னேன். "சாயம் இறங்கின கேஸுக்கா கோடி ரூபாய்?" என்று சாயப்பட்டறை அனுபவமுள்ள மாமா தள்ளிவைத்தார். உடல் மாம்பழ மஞ்சள், பார்டர் அரக்கு, நடுவே தீற்றல் கூடாது என்று தீர்ப்பு.

அத்தை மட்டும் கம்பிகளைக் கையில் வாங்கிப் பார்த்தார். தடித்த மூன்றில், எஃகு இழைமேல் நிக்கல் பூசிய கம்பி சுற்றியிருக்கும். "இது ஜரிகைடா. பட்டுக்குப் பதிலா உள்ளே இரும்பு, அவ்ளோதான்." கடைக்காரர் யாரும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

அதனால் கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பைச் சுற்றும் வேலையை அவரிடமே கொடுத்தேன். காந்தத்தைச் சுற்றி, மயிரிழை பருமனுள்ள செம்புக் கம்பி ஏறக்குறைய எட்டாயிரம் சுற்று. தார் சுற்றும் ராட்டையில் ஏற்றி, சீரியல் பார்த்துக்கொண்டே சுற்றினார். நடுவில் அறுந்தது; முடிச்சுப் போட்டு மேலே போனார். கம்பிமேல் வார்னிஷ் இருக்கிறது, சுரண்டிப் பற்றவைத்தால்தான் மின்சாரம் ஓடும் என்றேன். "பட்டுக்கு இந்தக் கொழுப்பெல்லாம் கிடையாது" என்றார்.

எல்லாம் பூட்டி ஆம்ப்ளிஃபையரில் செருகியதும் ராகத்துக்கு முன்னால் 'ஙொய்ய்ய்' என்று இரைச்சல். ஒற்றைச் சுருள் பிக்கப் வீட்டு மின்சாரத்தின் ரீங்காரத்தையும் சேர்த்துப் பிடிக்கும். இதற்கு கிப்சன் கம்பெனியின் சேத் லவர் 1955லேயே வழி கண்டுபிடித்தார்: பக்கத்தில் இன்னொரு சுருளை எதிர்த்திசையில் சுற்றி, காந்தத்தையும் திருப்பி வைத்தால், இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அடங்கிவிடும், பாட்டு மட்டும் நிற்கும்.

அத்தையிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். "இன்னொரு எட்டாயிரமா? அதுவும் தலைகீழாவா?"

ஆமாம் என்றேன்.

"அப்ப கூலி பேசு."