பழஞ்சைக்கிள் மீட்பியல்: சப்ரகமுவத் தோட்டங்களை முன்வைத்து ஓர் ஆய்வு

லயத்துக் கோடிச் சுவரில் வருடக்கணக்காகச் சாய்ந்து கிடந்து, ஈரத்துணி காயப்போடவும் கோழி ஏறி உட்காரவும் மட்டுமே பயன்பட்ட ஒரு சைக்கிள் மறுபடி ரோட்டில் ஓடத் தொடங்குவது எதனால்? பழம்பொருள் மீதான ஆசை என்பார் சிலர். தேகப்பயிற்சி என்பார் கொழும்பார். இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களைப் பொறுத்தவரை இரண்டும் பொருந்தா. இங்கே சைக்கிள் உயிர்த்தெழுவதற்கு ஒரே காரணம் பெற்றோல், இன்னும் சரியாகச் சொன்னால் பெற்றோல் இன்மை.

சான்று வருமாறு. 2021 டிசம்பரில் ஒக்டேன் 92 பெற்றோல் ஒரு லீற்றர் 177 ரூபாய். 2022 ஜூன் 26இல் 470 ரூபாய். தோட்டத்து நாட்சம்பளம் அப்போது 1,000 ரூபாய். விடியற்காலையில் மலையேறி இறப்பர்ப் பால் வெட்டி, வாளி சுமந்து ஸ்டோரில் நிறுத்துவிட்டு வந்தால் இரண்டு லீற்றர் வாங்கலாம், பிளேன்டீக்குச் சில்லறை மிஞ்சும். அதுவும் ஷெட்டில் பெற்றோல் இருந்தால். மாதக் கடைசியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. ஜூலையில் கியூஆர் பங்கீட்டு முறை வந்தது, மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர். அதற்குப் பிறகுதான் எட்டியாந்தோட்டை முதல் பலாங்கொடை வரை கோழிகள் இருப்பிடம் இழந்தன.

அற்றேல், மேடும் பள்ளமுமான தோட்டத்தில் சைக்கிளால் ஆவதென்ன எனின், கூறுதும். தோட்டத்துச் சைக்கிள் மிதிப்பதற்கு மட்டும் உரியதன்று, தள்ளுவதற்கும் உரியது. இறக்கத்தில் அது மனிதனைச் சுமக்கும். ஏற்றத்தில் அவன் அதையும் அதன் கரியரில் கட்டிய அரிசி மூட்டையையும் சுமப்பான். இவ்வளவு நேர்மையான கொடுக்கல் வாங்கல் தோட்டத்தில் வேறெங்கும் நடந்ததாகத் தெரியவில்லை.

இனி வரலாறு. தோட்டம் வந்தது, பிறகு தோட்டத்துக்குச் சைக்கிள் வந்தது என்றே எல்லோரும் நம்புகிறார்கள். இவ்வாய்வு அதை மறுக்கிறது. 1876இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து கொண்டுபோன இறப்பர் விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, ஏறக்குறைய இரண்டாயிரம் கன்றுகள் அதே வருடம் இலங்கைக்கு வந்தன. ஹெனரத்கொடையில் நட்டார்கள். நட்டதோடு சரி, வெகுகாலம் யாரும் அவற்றைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1888இல் பெல்பாஸ்டில் டன்லப் என்ற மிருக வைத்தியர் தன் மகனின் மூன்று சக்கர வண்டி குலுங்குவதைக் காணப் பொறுக்காமல் காற்றடித்த டயரைச் செய்தார். அடுத்த பத்து வருடத்தில் ஐரோப்பாவும் அமெரிக்காவும் சைக்கிள் பைத்தியம் பிடித்து அலைந்தன. இறப்பருக்குக் கிராக்கி பிறந்தது. களனிப் பள்ளத்தாக்கின் மலைகளில் இறப்பர் ஏறியது, அதை வெட்ட நம் பாட்டன் பூட்டன்மார் வந்தார்கள். ஆகவே சைக்கிள்தான் நம்மை இங்கே கொண்டுவந்து இறக்கியது. கோப்பிக்கும் தேயிலைக்கும் அதற்கு முன்பே வந்தோர் உண்டு, மோட்டார் கார் தின்ற இறப்பர் சைக்கிள் தின்றதைவிட அதிகம் என்னும் தடைகள் எழலாம். இவை கருதுகோளுக்கு இடைஞ்சல் என்பதால் விலக்கப்பட்டன.

அடுத்து, கிடைத்த சைக்கிள் எக்குலத்தது எனத் துணிதல். பெயின்டை நம்பக்கூடாது. அடியில் கம்பனிக் கறுப்பு, அதன்மேல் ஸ்டோர்க் கதவுக்கு அடித்து மிஞ்சிய பச்சை, அதன்மேல் ஏதோ ஒரு தேர்தலின் மிச்சம் என்று ஒவ்வொரு சொந்தக்காரரும் ஒரு படிவம் விட்டுச் சென்றிருப்பார். பார்க்க வேண்டியது செயின் வீலை. அதில் கொக்குத் தலை வெட்டியிருந்தால் நொட்டிங்ஹாம் ரலி. ஐந்து மனித உருவங்கள் வட்டமாக நின்றால் ஹம்பர். விரித்த கை இருந்தால் ரட்ஜ். மூன்று துப்பாக்கிகளைச் சாத்தி வைத்த முத்திரை பி.எஸ்.ஏ.யினது, அந்தக் கம்பனி உண்மையிலேயே துப்பாக்கி செய்ததுதான். ஹம்பரா ரலியா உசத்தி என்று பெரட்டுக்களத்தில் ஒரு தலைமுறையே சண்டை பிடித்தது. ஹம்பர் சைக்கிளை ரலிக் கம்பனி 1932இலேயே வாங்கிவிட்டது. ரட்ஜை 1943இலும் பி.எஸ்.ஏ. சைக்கிளை 1957இலும் வாங்கியது. ஒரே வீட்டுப் பிள்ளைகளுக்காக ஊரார் மூக்கை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இளவட்டங்கள் மட்காட்டைக் கழற்றி, ஹாண்டிலைத் தலைகீழாகத் திருப்பி, அதை ரேஸ் சைக்கிள் என்பர். வருடத்துக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டும் இரத்தினபுரியில் அத்தகையோரைச் சட்டையின் முதுகுப் பக்கத்தைப் பார்த்தே இனங்காணலாம். இது பற்றி மேலும் ஆராய ஒன்றுமில்லை.

அந்த மழையே துருவுக்கும் மூலம். துரு நீக்குதலில் மூன்று மதங்கள் உள. மண்ணெண்ணெய் மதத்தார் ஊறவைத்துக் காத்திருப்பர். சாம்பல் மதத்தார் அடுப்புச் சாம்பலும் தேங்காய்த் தும்புமாகத் தேய்ப்பர். ரிம் மினுங்கும், கை மரத்துப்போகும். மூன்றாமவர் அசிட் மதத்தார். இறப்பர்ப் பாலை உறையவைக்க ஸ்டோரில் வைத்திருக்கும் போர்மிக் அசிட்டே இவர்களுக்கு வேதம். அது துருவைத் தின்னும். துரு தீர்ந்த பிறகும் பசி அடங்காமல் இரும்பைத் தின்னும், தொட்டால் விரலையும் புண்ணாக்கும். இம்மதத்தில் சேர்வதை இவ்வாய்வு பரிந்துரைக்கவில்லை.

மெய்யான சோதனை காட்டர் பின்னில் தொடங்குகிறது. பெடல் கட்டையை அச்சோடு பூட்டி நிற்கும் சுண்டுவிரல் நீள ஆணி அது. நட்டை முழுக்கக் கழற்றாமல் நுனிக்குச் சமமாக விட்டு, கட்டைக்குக் கீழே கனத்த குழாய்த் துண்டொன்றை முட்டுக் கொடுத்து, ஒரே அடியாகச் சுத்தியலால் இறக்க வேண்டும். தயங்கித் தயங்கித் தட்டினால் நுனி காளான் போல விரியும், பிறகு துளைபோடும் மெஷினைத் தேடி அவிசாவளைக்கு பஸ் ஏற வேண்டும். அச்சைக் கழற்றும்போது, அதைத் தாங்கும் வலப் பக்கக் கப் இடம்புரி என்பதை நினைவில் கொள்க. மற்றெல்லாவற்றையும் போல அதையும் திருப்பப் போய் இன்னும் இறுக்கிவைத்தோர் பலர். உள்ளே கறுத்துக் கட்டியான கிரீஸ். அதைப் பால்மா டின்னில் மண்ணெண்ணெய் ஊற்றி அலச, அடியில் ஒவ்வொன்றாகக் குண்டுகள் தெரியும். இரத்தினபுரியில் மாணிக்கம் தேடி வட்டியில் இல்லம் அரிப்பவர் முகத்தில் காணும் அதே பேராசை அப்போது அலசுபவர் முகத்திலும் வரும். கால் அங்குலக் குண்டு, பக்கத்துக்கு 11 ஆக மொத்தம் 22. குறைந்தால் பழையவற்றோடு புதியதைக் கலக்காமல் முழு செட்டையும் மாற்றுவதே முறை. முன்சில்லில் இருப்பவை இன்னும் சிறியவை, ஒரு அங்குலத்தின் பதினாறில் மூன்று பங்கு. கோழி கொத்திப் போகும் அளவு.

டியூப் பற்றி ஒரு சோகம். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் இறப்பர் மரம். சிரட்டை சிரட்டையாகப் பால் வடிகிறது. ஆனால் 2022இல் ஒரு டியூப்புக்காக ஊர் ஊராக அலைய வேண்டியிருந்தது. நம்ம பாலையே ஊற்றி ஓட்டையை அடைத்தாலென்ன என்று கேட்ட தம்பி ஒருவர், செய்தும் பார்த்தார். முதல் வெயிலில் அது இளகி டயரோடு ஒட்டிக்கொண்டது. கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால்தான் இறப்பர் நிலைக்கும். 1839இல் அமெரிக்காவின் குட்இயர் கண்டது இதையே. போதாததற்கு, இன்றைய டியூப்களில் பெரும்பாலானவை மரத்துப் பாலால் ஆனவையே அல்ல. அவை பியூட்டைல், கச்சா எண்ணெயிலிருந்து வருவது. பெற்றோல் இல்லையென்று சைக்கிளுக்குப் போனவனை அங்கேயும் எண்ணெய்தான் வரவேற்றது.

2023 செப்டெம்பரில் கியூஆர் முறை நிறுத்தப்பட்டது. கோழிகள் திரும்பிவிட்டன. ஆய்வுக்கு உகந்த சைக்கிள்கள் நாளுக்கு நாள் குறைகின்றன. இவ்வாய்வாளர் கைவசமுள்ள ஒரே ரலியும் அரைகுறையாக நிற்கிறது. அதன் இடப் பக்கக் கப்பின் புரி தேய்ந்துவிட்டது. மற்றக் கம்பனிகள் பெரும்பாலும் அங்குலத்துக்கு 24 புரி வெட்ட, ரலி 26 வெட்டியது. வேறு கப் இரண்டு சுற்று இனிதாக ஏறி, பிறகு அடம்பிடிக்கும். "பலவந்தம் பண்ணாதீங்க அண்ணே, பொடி புரியும் போயிரும்" என்று ஸ்டோர் பிட்டர் தம்பி எச்சரித்திருக்கிறார்.

எனவே எட்டியாந்தோட்டை, தெரணியகலை, இறக்குவானைப் பக்கத்து வாசகர் எவரிடமாவது புரி தேயாத ரலி இடப் பக்கக் கப் ஒன்று இருந்தால், தயவுசெய்து பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட வேண்டாம். நியாயமான விலை தரப்படும். விலை வேண்டாம் என்போருக்கு, ஐந்து மனிதரும் முழுதாக உள்ள ஹம்பர் செயின் வீல் ஒன்று மாற்றாகக் காத்திருக்கிறது.