நேத்துலேர்ந்துதான் டாக்டர்

ஆழ்வார்பேட்டை நாய்களுக்கு முந்தாநாள் நோய் வந்ததாகச் சரித்திரமே கிடையாது. எல்லாம் நேற்று வந்தவை. காது முழுக்கச் சீழ் வைத்து, தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு வட்டமடிக்கும் லாப்ரடாருக்கு நேற்றுதான். உண்ணிக் காய்ச்சலில் ஈறு வெளுத்து, கார் டிக்கியில் கிடத்திக் கொண்டுவரப்பட்ட ஜெர்மன் ஷெப்பர்டுக்கும் நேற்றுதான். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் கேஸ் ஷீட்டும் கையுமாக நிற்கிற இருபத்திரண்டு வயதுப் பிள்ளை, "எத்தனை நாளா இப்படி இருக்கு?" என்று கேட்கிறார். பதில் தயாராக இருக்கிறது: "நேத்துலேர்ந்துதான் டாக்டர். அதுவரைக்கும் நல்லா ஓடி ஆடிட்டு இருந்தான்."

புண்ணுக்குள் புழு நெளிகிறது. ஈ உட்கார்ந்து, முட்டையிட்டு, அது பொரிந்து, புழு இந்தப் பருமனுக்கு வர நாலைந்து நாளாவது பிடிக்கும் என்று அந்தப் பிள்ளை ஒட்டுண்ணியியல் தாளில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறார். வாங்கி என்ன பயன்? எதிரே நிற்பவர் போர்ஷன் படித்தவரில்லை, போர்ஷே வைத்திருப்பவர். அவர் வீட்டு ஈ தட்கலில் வந்திருக்கும். மாணவர் வாயை மூடிக்கொண்டு கேஸ் ஷீட்டில் 'ஒரு நாள்' என்று எழுதுகிறார். பிறகு டர்பன்டைன் நனைத்த பஞ்சைப் புண்ணுக்குள் திணிக்கிறார். மூச்சு முட்டி மேலே எட்டிப் பார்க்கும் புழுவை ஃபோர்செப்ஸால் பிடித்து ட்ரேயில் போடுகிறார். அடுத்தது. அடுத்தது. இழுக்கும்போது அறுந்துவிடக் கூடாது. அறுந்தால் பாதி உள்ளேயே தங்கி அழுகும். அரை மணி நேரம் கழித்தும் புண்ணின் அடி தெரியவில்லை. மூக்கில் ஏறிய நாற்றம் மெஸ்ஸில் சாம்பார் வாளியைத் திறக்கும்போதும் வரும். இதற்குத் தனியாக மார்க் கிடையாது.

நாயைப் பிடித்திருப்பது டிரைவர். அம்மா வீடியோ காலில் இருக்கிறார். ஏன் நேரில் வரவில்லை என்று கேட்டால் டிரைவர் சங்கடத்தோடு சொல்வார்: "அம்மாவால ரத்தம் பார்க்க முடியாது சார். ரொம்ப மென்மையான மனசு." மென்மையான மனசு உள்ளவர்கள் இந்த இடத்துக்கு வர மாட்டார்கள். அவர்கள் நாயின் பிறந்தநாளுக்கு கேக் வெட்டுவார்கள், க்ரூமிங் பார்லரில் ஆயிரக்கணக்கில் கொடுத்து நகம் வெட்டிவிடுவார்கள், தேய்பிறை அஷ்டமிக்குப் பைரவருக்கு வடைமாலை சாத்துவார்கள். பைரவரின் வாகனம் பின்கட்டில் சங்கிலியோடு கிடந்து தன் காலைத் தானே நக்கிப் புண்ணாக்கிக்கொண்டிருக்கும். அதைப் பார்க்க வேண்டியது சமையல்காரம்மாவின் வேலை. அவருக்கோ காலையில் நாற்பது இட்லி ஊற்ற வேண்டியிருக்கிறது.

கல்லூரிக்கு வயதாகிவிட்டது. 1903-இல் சைதாப்பேட்டை டாபின் ஹாலில் தொடங்கி, பிறகு வேப்பேரிக்குப் போய், 1936-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து, கால்நடை மருத்துவத்துக்குப் பட்டம் கொடுத்த இந்தியாவின் முதல் கல்லூரி என்று பெயரெடுத்தது. 1989-இல் கால்நடைக்கென்றே தனிப் பல்கலைக்கழகம் வந்தது. அதுவும் நாட்டில் முதலாவது. இவ்வளவு பெருமை இருந்தும் ஆழ்வார்பேட்டைக் கல்யாணச் சந்தையில் இந்தப் படிப்புக்கு இன்னும் ஒரே பெயர்தான்: மாட்டு டாக்டர். "பையன் டாக்டரா? எம்.பி.பி.எஸ்.ஸா, இல்ல...?" அந்த 'இல்ல'வுக்குப் பின்னால் ஐந்தரை வருஷப் படிப்பு இருக்கிறது, அதில் கடைசி ஒரு வருஷம் பயிற்சி. எம்.பி.பி.எஸ். படிப்பவருக்கு ஒரே உடம்பு. தவிரவும் அந்த உடம்பு வாய் திறந்து வலியைச் சொல்லும். இவர்களுக்கு மாடு, எருமை, ஆடு, குதிரை, பன்றி, நாய், பூனை, கோழி. மாட்டுக்கு வயிற்றில் நாலு அறை, குதிரைக்கு ஒன்று. நாய்க்குக் கொடுக்கிற மருந்து பூனைக்கு எமன். பாராசிட்டமாலை உடைத்துச் செரிக்கும் சக்தி பூனையின் கல்லீரலுக்குக் கிடையாது என்பது பார்மகாலஜியில் பாலபாடம். ஆனால் "லேசா சுட்டுது, ஒரு டோலோ கொடுத்தோம் டாக்டர், மனுஷங்களுக்கே கொடுக்கறதுதானே" என்று நீலம் பாரித்த நாக்கோடு பூனையைக் கூடையில் கொண்டுவருகிறார் ஒருவர். அவர் ஐ.ஐ.டி.யில் படித்தவர் என்பதையும் கேட்காமலே சொல்கிறார். பயிற்சி மருத்துவர்கள் தங்களுக்கும் எம்.பி.பி.எஸ்.காரர்களுக்கு நிகரான உதவித்தொகை வேண்டுமென்று பல மாநிலங்களில் தெருவில் உட்கார்ந்து பார்த்துவிட்டார்கள். மாட்டு டாக்டர்தானே, உட்காரட்டும்.

இதே மாட்டு டாக்டரின் நம்பர் மட்டும் கிடைத்துவிட்டால் ராத்திரி பதினொன்றரைக்கு வாட்ஸ்அப்பில் நாயின் கழிவு போட்டோ வரும். 'ஹாய், இது நார்மலா?' மறுநாள் காலை அவருக்கு மெடிசின் இன்டர்னல் இருக்கும். யாருக்கு என்ன?

நாய் வாங்கும் அழகைச் சொல்லியே ஆக வேண்டும். செல்போன் விளம்பரத்தில் ஒரு பக் நாய்க்குட்டி பையன் பின்னால் ஓடியது. ஊரெல்லாம் பக் வாங்கியது. மூக்கே இல்லாத அந்த ஜீவன் சென்னை மே மாதத்தில் மூச்சுக்கு என்ன பாடுபடும் என்று யாரும் கேட்கவில்லை. அப்புறம் ஹஸ்கி. சைபீரியப் பனியில் வண்டி இழுக்கப் பிறந்த நாயைக் கஸ்தூரி ரங்கன் சாலை மூன்றாவது மாடி பால்கனியில் கட்டிவைத்து, ஏ.சி.யை மட்டும் பெட்ரூமில் போட்டுக்கொள்கிறோம். கொரோனா ஊரடங்கில் வீட்டுக்கு ஒரு குட்டி வந்தது. ஆபீஸ் திறந்ததும் அந்தக் குட்டிகள் வீட்டில் தனியாக ஊளையிட்டன. பக்கத்து ஃபிளாட்காரர் அசோசியேஷனில் புகார் கொடுத்தார். சில நாய்கள் ஈ.சி.ஆர். ஓரத்தில் கழுத்துப் பட்டையோடு நின்று ஒவ்வொரு காராக எட்டிப் பார்த்தன. நம் ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் இந்த வெயிலுக்கே பிறந்தவை. ஆனால் இன்ஸ்டாகிராமில் அவை எடுபடாதாம்.

பெண் நாய் என்றால் இன்னொரு நாடகம். சின்ன வயதிலேயே கருத்தடை செய்துவிடுங்கள் என்று மாணவர் சொன்னால் "ஐயோ பாவம், அதுக்கும் ஆசை இருக்காதா" என்று கண் கலங்குவார்கள். ஏழெட்டு வயதில் அந்த நாய் தண்ணீர் தண்ணீராகக் குடித்து, வயிறு வீங்கி, நடக்க முடியாமல் வந்து சேரும். கருப்பை முழுக்கச் சீழ். அப்போது அறுத்து எடுப்பது உயிரைப் பணயம் வைக்கிற அறுவை. பாவம் பார்த்தவர் அன்றைக்கு கிருஷ்ண கான சபாவில் இருப்பார்.

இன்னொன்றைச் சிரிக்காமல் சொல்ல வேண்டும். "தொண்டையில எலும்பு மாட்டிக்கிச்சு போல, ரெண்டு நாளா எதையும் முழுங்க மாட்டேங்குது, எச்சில் ஒழுகுது" என்று ஒரு நாய் வரும். நல்ல மனசுள்ள மாணவர் வாய்க்குள் கையை விட்டு எலும்பைத் தேடிவிடக் கூடாது என்பது பாடப்புத்தகம் அடித்துச் சொல்லும் எச்சரிக்கை. எச்சில் ஒழுகுவதும் முழுங்க முடியாததும் தாடை தொங்குவதும் வெறிநோயாக இருக்கலாம். மனிதனுக்கு அறிகுறி தெரிந்தபின் வெறிநோய்க்கு மருந்தில்லை. பிழைத்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். ஆகவே மாணவர் முதலில் கேட்பது, "தடுப்பூசி போட்டிருக்கா?" உடனே பதில் வரும்: "எல்லாம் அப்டுடேட் டாக்டர்." தடுப்பூசி அட்டை? "வீட்ல இருக்கு." பிறகு விசாரித்தால் கடைசி ஊசி மூன்று வருஷத்துக்கு முன் போட்டது என்று டிரைவர் காதோடு சொல்வார். மானத்தைக் காப்பாற்ற ஒருவர் சொன்ன பொய், ஊரில் அம்மாவுக்குத் தெரியாமல் ஊசி மேல் ஊசி போட்டுக்கொள்கிற ஒரு தருமபுரி மாணவரின் தூக்கமில்லாத இரவுகளாக மாறுகிறது. ஏர்போர்ட் ஸ்கேனரில் நகைப் பெட்டிக்கு ரசீது காட்டுகிறவர்களுக்கு ஓர் ஊசி அட்டையைக் கொண்டுவர முடியவில்லை.

உச்சம் இன்னும் வரவில்லை. நியூ ஜெர்சியில் மகளுக்குப் பிரசவம், ஆறு மாதம் போகிறோம், நாய்க்கோ வயது பன்னிரண்டு, போர்டிங்கில் விட்டால் ஏங்கிவிடும், ஆகவே... "ஒரு ஊசி போட்டுத் தூங்க வெச்சிடுங்களேன். வலிக்காம." நாய் வாலை ஆட்டிக்கொண்டு மாணவரின் கையை நக்குகிறது. அதற்கு நோய் என்று ஒன்றுமில்லை, விசா இல்லை, அவ்வளவுதான். நோயற்ற நாயைக் கொல்ல மாட்டோம் என்று மாணவர் தலையசைத்தால் "நீங்க எல்லாம் இரக்கமே இல்லாத ஜென்மங்க" என்று சாபம் விழும். பிரிட்டனில் கால்நடை மருத்துவர்களின் தற்கொலை விகிதம் பொதுமக்களைப் போல மூன்று நான்கு மடங்கு என்று ஆய்வுகள் சொல்கின்றன. காரணங்களில் ஒன்றாக ஆய்வாளர்கள் குறிப்பிடுவது இந்த ஊசியைத்தான்.

நாயை விட்டு மாட்டுக்கு வருவோம், புண்ணியம் அங்கேதான் அதிகம். அமாவாசையன்று மயிலாப்பூர் மாட்டுக்கு ஒரு கட்டு அகத்திக்கீரை கொடுத்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம். அன்று ராத்திரியே மிச்ச சாம்பார் சாதத்தை பிளாஸ்டிக் பையில் கட்டி, நன்றாக இறுக்கி முடிச்சுப் போட்டு, அதே மாட்டின் முன்னால் எறிகிறோம். மாட்டுக்கு முடிச்சு அவிழ்க்கத் தெரியாது. பையோடு விழுங்குகிறது. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை 2019 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் திருமுல்லைவாயில் பசு ஒன்றை வேப்பேரியில் அறுத்தபோது வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக் வந்தது. இடது விலாவில் மரத்துப்போக ஊசி போட்டு, மாடு நின்றபடியே இருக்க, தோள்வரை கையுறை மாட்டி உள்ளே கையை விட்டு, பையைப் பையாக உருவி எடுத்தார்கள். ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆனது. கட்டணம் 70 ரூபாய் என்று பத்திரிகைகள் எழுதின. தடை போட்டவர்களில் யாராவது வந்து அந்தக் குவியலை எட்டிப் பார்த்ததாகத் தகவல் இல்லை.

தெருநாய் விஷயத்தில் இப்போது நாடே நீதிபதி. 2025 ஆகஸ்ட் 11 அன்று டெல்லி நாய்களையெல்லாம் பிடித்து அடை என்றது உச்ச நீதிமன்றத்தின் ஓர் அமர்வு. 22-ஆம் தேதி, ஊசி போட்டுக் கருத்தடை செய்து விட்டுவிடு என்றது இன்னோர் அமர்வு. நாய்ப் பிரியர்களும் நாய் வெறுப்பாளர்களும் டி.வி.யில் ஒருவரையொருவர் கடித்தார்கள். சென்னையில் மட்டும் 2024 கணக்குப்படி 1.81 லட்சம் தெருநாய்கள். ஒவ்வொன்றையும் மேஜையில் கிடத்தி, மயக்கி, அறுத்து, தைத்து அனுப்ப ஒரு கை வேண்டுமே, அந்தக் கை எங்கிருந்து வரும் என்று ஸ்டூடியோவில் ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் கை அந்நேரம் யாரோ ஒருவர் வீட்டு லாப்ரடாரின் காதில் சீழ் துடைத்துக்கொண்டிருந்தது.

கேவலம் என்னவென்றால், இரக்கத்துக்குச் சட்டம் போட்டதே நம் பேட்டைக்காரர்கள்தான். அடையாறு ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் முட்டி மோதியதன் பலன், 1960-இன் பிராணிவதைத் தடுப்புச் சட்டம். 1962-இல் அமைந்த பிராணிகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். வாரியத்தின் தலைமையகம் சென்னையில்தான் இருந்தது. 2018-இல் அதை மூட்டை கட்டி ஹரியானா பல்லப்கருக்குக் கொண்டுபோனார்கள். நாம் ஒரு கூட்டம்கூடப் போடவில்லை. தெருநாயைக் கொல்லாதே, கருத்தடை செய் என்று அறுபதுகளிலேயே சொல்லத் தொடங்கிய புளூ கிராஸின் முகவரி பல காலம் எல்டாம்ஸ் சாலை. 1996-இல்தான் மாநகராட்சி காது கொடுத்தது.

அந்த 1960 சட்டத்தின் 11-ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள். வளர்க்கும் பிராணிக்குச் சோறு தண்ணீர் போடாமல் விட்டாலும், காரணமின்றித் தெருவில் கைவிட்டாலும், முதல் குற்றத்துக்கு அபராதம் பத்து ரூபாய்க்குக் குறையாமல், ஐம்பது ரூபாய்க்கு மேற்படாமல். கொன்றால், முடமாக்கினால் வேறு சட்டத்தில் சிறை உண்டு. கொல்லாமல், கவனிக்காமல், மெல்ல மெல்ல அழுகவிட்டால் ஐம்பது ரூபாய். இதற்கிடையே செல்லப்பிராணிக்கு உரிமம் எடுக்காவிட்டால் சென்னை மாநகராட்சி போடும் அபராதம் 5,000 ரூபாய். நாய் செத்தாலும் பரவாயில்லை, காகிதம் சரியாக இருக்க வேண்டும். அபராதத்தை உயர்த்த 2022 நவம்பரில் மத்திய அரசு ஒரு திருத்த வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. வரைவு வரைவாகவே இருக்கிறது.

ஆழ்வார்பேட்டைவாசிகளே, மனு எழுதுவதில் உங்களை மிஞ்ச ஆளில்லை. பார்க்கிங்குக்கு எழுதுகிறீர்கள், மெட்ரோ ரயில் தூசிக்கு எழுதுகிறீர்கள், சபா கேன்டீனில் காப்பி ஆறிப்போனதற்கு ஆங்கிலப் பத்திரிகைக்கு எழுதுகிறீர்கள். அந்தத் திருத்தத்தைச் சட்டமாக்கச் சொல்லி உங்கள் எம்.பி.க்கு ஒன்று எழுதுங்கள். கையெழுத்தை மட்டும் டிரைவரைப் போடச் சொல்லாதீர்கள்.